இருபத்தேழாம் நம்பர் கடை

மேலக் கடைவீதியில் மொத்தம் அறுபத்திரண்டு கட்டடங்கள். முத்துப்பிரியா அறுபத்தொன்றை அளந்து, படம் எடுத்து, குறிப்பெழுதி முடித்துவிட்டாள். மிச்சமிருந்தது இருபத்தேழாம் நம்பர். மூன்று நாளாக அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

போடியின் அந்தப் பழைய வீதியை முழுவதுமாகப் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருந்தது. கணக்கெடுக்கும் வேலையை மதுரையிலிருந்த ஒரு நிறுவனம் எடுத்திருந்தது. கட்டட வரைவு டிப்ளமோ படித்த முத்துப்பிரியாவை ஆறு மாத ஒப்பந்தத்தில் அவர்கள் அமர்த்தினார்கள். படிவத்தில் 'காக்க வேண்டியது' என்று அவள் எழுதினால் அந்தக் கட்டடத்தின் முகப்பை இடிக்க முடியாது. 'மாற்றப்பட்டது' என்று எழுதினால் உரிமையாளர் இஷ்டம்.

இருபத்தேழு மகாராஜனின் மளிகைக்கடை. அவர் அவளுடைய கணவன் இனியவனின் அண்ணன். அப்பா செத்தபோது மகாராஜனுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தவர், தம்பியைப் படிக்க வைத்து, ஜீப்பும் வாங்கிக் கொடுத்தார். முத்துப்பிரியா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

நான்காம் நாள், வீதியில் போனவளை அவரே கடைக்குக் கூப்பிட்டார்.

"ஆத்தா, எல்லாக் கடையையும் அளந்துட்ட. எங்கடைய மட்டும் ஒதுக்கி வச்சிருக்கியே?"

"வரத்தான் மாமா இருந்தேன்."

"அளக்குறதெல்லாம் வேணாம். மாத்துனதுன்னு ஒரு வரி எழுதிரு. இத எடுத்துட்டு மூணு மாடி கட்டப் போறேன். குரங்கணிக்கு மலையேற வர்ற பயலுவ தங்குறதுக்கு ரூம்பு கெடைக்காம தேனிக்கு ஓடுறானுவ. மளிகையில என்ன இருக்கு? எஸ்டேட்டு ஆளுகளே இப்ப போன்ல சாமான் வரவழைக்குதுக."

"உள்ள ஒண்ணுமே மாறலையே மாமா. அதே தூணு, அதே மச்சு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"முப்பத்தெட்டு வருசமா இதே பலகையில உக்காந்திருக்கேன் தாயி. நான் கேட்டு எதாவது வாங்கிருக்கேனா உங்ககிட்ட?"

அவள் எழுதிவிட்டாள். 'முகப்பு மாற்றப்பட்டது. பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை.' எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அதன்பிறகுதான் உட்கார முடியாமல் போனது. ஆனி மாதக் காற்று மலையிலிருந்து இறங்கி ஊரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கதவு, தகரம், காயப்போட்ட துணி எல்லாம் ஓயாமல் அடித்துக்கொண்டன. அவளும் அப்படித்தான் இருந்தாள். உலை வைத்துவிட்டு அரிசி களைய மறந்தாள். தேவையே இல்லாமல் வீதிக்குப் போய் எதிர்ச்சாரியில் நின்று மாமாவின் கடையைப் பார்த்தாள். போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போய்த் திரும்பிய இனியவன், அவள் மூன்றாவது முறையாக அடுப்படியைத் துடைப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"எழுதியாச்சுல்ல? விடு. எங்கண்ணன் என்ன ஊரான் சொத்தையா இடிக்கப் போறாரு?"

அவளால் விட முடியவில்லை. வெள்ளிக்கிழமை வீதியின் முழு வரைபடத்தையும் கணினியில் கோத்தபோது அது கண்ணில் பட்டது. இருபத்துநான்கிலிருந்து முப்பது வரை ஏழு கடைகளுக்கும் முன்னால் ஓடும் ஓட்டுத் தாழ்வாரம் ஒன்றுதான். கடைக்கென்று தனி உத்தரம் இல்லை. இரண்டு கடைக்கு ஒரு உத்தரமாக நீண்டு கிடந்தது. நடுச்சுவர்களும் பொதுச்சுவர்கள். இருபத்தேழை அவள் வெறும் கட்டமாக விட்டிருந்தாள். இரண்டு பக்கத்துக் கோடுகளும் அந்த வெற்றிடத்தின் விளிம்பு வரை வந்து, பிடிமானம் இல்லாமல் நின்றன.

பட்டியலைப் பற்றிக் கடைக்காரர்களின் ஆட்சேபணையைக் கேட்கும் கூட்டம் திங்கட்கிழமை. அதற்குள் திருத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். ஆனால் வரைவுப் பட்டியலை அந்த வெள்ளிக்கிழமை மாலையே நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

மகாராஜன் அதைப் படித்துவிட்டார். யாரும் மனசு மாறுவதற்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு முத்துப்பிரியா கடைக்குப் போனாள். மாமாவிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் திருத்த வேண்டும் என்று நினைத்திருந்தாள். வீதி நிறையக் கூட்டம். எஸ்டேட்டுப் பெண்கள் வாராந்திரச் சாமான் வாங்க இறங்கியிருந்தார்கள். மலையில் ஒரே சாரல் என்பதால் இருபத்தெட்டாம் நம்பர் ஜக்கம்மாள் கடையில் கம்பளிக்கும் மழைக்கோட்டுக்கும் அடிதடி. ஜக்கம்மாளுக்கு இந்தப் பாரம்பரிய விவகாரமே பிடிக்காது. 'எங்கூரை ஒழுகுது, தகரம் போட விடுவீகளா மாட்டீகளா? அத மொத சொல்லு' என்று முத்துப்பிரியாவைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

இருபத்தேழின் முன்னால் நாலு ஆட்கள் நின்றார்கள். ஓடுகளைப் பாதி இறக்கியிருந்தார்கள். இரண்டு பேர் இருபத்தெட்டை ஒட்டிய ஓரத் தூணின் அடியில் கடப்பாரை போட்டு நெம்பிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, நிறுத்தச் சொல்லுங்க! அந்தத் தூண எடுத்தா ஜக்கம்மா அக்கா கடையும் சேந்து வரும். உத்தரம் ஒண்ணுதான்!"

"கொத்தனாரு பாத்துட்டாரு ஆத்தா. நீ வீட்டுக்குப் போ."

"நான் தப்பா எழுதிட்டேன் மாமா. நாளைக்கு மாத்தப் போறேன்."

மகாராஜனின் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தலைக்கு மேலே ஒரு முறிகிற சத்தம் கேட்டது, பெரிதாகக்கூட இல்லை. ஆட்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் குதித்து ஓடினார்கள். ஜக்கம்மாள் மேலே பார்த்தாள். மழைக்கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களை முதுகில் கைவைத்துத் தெருவுக்குத் தள்ளினாள். மூன்றாவது பெண்ணை இழுக்கத் திரும்பியபோது தாழ்வாரம் மொத்தமாக இறங்கியது. ஓடு, சட்டம், நூறு வருசத்துக் காரை எல்லாம் இறங்கின. புழுதியில் எதிர்ச்சாரி தெரியவில்லை.

மகாராஜன்தான் முதலில் ஓடினார். வெறுங்கையால் ஓடுகளை வாரி எறிந்தார். "ஜக்கு, ஏ ஜக்கு, சத்தங்குடு!" என்று கத்திக்கொண்டே இருந்தார். முத்துப்பிரியாவும் பக்கத்தில் மண்டியிட்டுத் தோண்டினாள். கம்பளிக் கட்டுகளுக்கு நடுவில் ஜக்கம்மாளும் அந்த மூன்றாவது பெண்ணும் கிடந்தார்கள். அந்தப் பெண்ணுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஜக்கம்மாளின் இடது கை உத்தரத்துக்கு அடியில் நசுங்கியிருந்தது.

"வெரசா தூக்குங்கய்யா, வலி உசுரு போகுது" என்றாள். அவ்வளவு தெளிவாக அவள் பேசியதைக் கேட்டதும் மகாராஜன் அழுதுவிட்டார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் முத்துப்பிரியா எழுந்து நின்றாள். மதுரையிலிருந்து வந்த அதிகாரிகள், நிறுவனத்தில் அவளுக்கு மேலே இருந்தவர், கடைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"இருபத்தேழ நான் அளக்கவே இல்ல. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் கடை அது. அவரு கேட்டாரு, எழுதிக் குடுத்துட்டேன். தப்பு என்னுது."

அறையில் சலசலப்பு எழுந்தது. நிறுவனத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது வாசலில் கையில் பெரிய கட்டோடு ஜக்கம்மாள் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து யார் சொல்லியும் கேட்காமல் வந்திருந்தாள்.

"எனக்கு இந்தச் சட்டமெல்லாம் வெளங்காது. இதெல்லாம் வேணாம்னு மனுவுல கையெழுத்துப் போட்டவதான் நானு. ஆனா என் சுவரு எங்க முடியுது, அவரு சுவரு எங்க தொடங்குதுன்னு நேத்து வரைக்கும் எனக்கே தெரியாது. ஒத்தை ஒத்தையா எழுதாதீக. எழுதுனா தெருவ மொத்தமா எழுதுங்க. அப்பறம் என் ஒழுகுற கூரைக்கும் ஒரு வழி சொல்லுங்க."

கூரையைப் பழுது பார்க்கலாம், தடையில்லை என்று அதிகாரி சொன்னார். பிறகு விதிகளை வாசித்தார். முகப்பும் முன்கட்டும் அப்படியே இருக்க வேண்டும். பின்கட்டில், தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். தங்கும் அறைகளும் கட்டலாம்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மகாராஜன் மெல்ல எழுந்தார். விரல்களிலெல்லாம் பிளாஸ்திரி.

"பின்னால கட்டலாமா?" என்று அதிகாரியிடம் கேட்டார். பிறகு முத்துப்பிரியாவின் பக்கம் திரும்பினார். "இத ஏன் ஆத்தா அன்னைக்கே எங்கிட்டச் சொல்லல?"

அந்த விதி அவளுக்கு மனப்பாடம். மற்ற அறுபத்தொரு கடைகளிலும் உட்கார்ந்து விளக்கியிருக்கிறாள். இவரிடம் மட்டும் உட்காரவில்லை. சங்கடமான அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

அவளுடைய ஒப்பந்தத்தை நிறுவனம் அந்த வாரமே ரத்து செய்தது. அறுபத்திரண்டு கட்டடங்களும் சேர்ந்த பட்டியல் தை மாதம் அறிவிப்பாக வந்தது. மகாராஜன் தன் செலவில் ஜக்கம்மாளின் சுவரையும் தாழ்வாரத்தையும் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிக் கொடுத்தார். ராசிங்காபுரத்திலிருந்து வந்த கொத்தனார்களோடு அவரும் நின்று சாந்து குழைத்தார். ஜக்கம்மாளின் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. கம்பளியை மடிக்கும்போது பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்கிறாள்.

மகாராஜன் தம்பி வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. இனியவனோடு பேசுகிறார், சாப்பிடுகிறார். முத்துப்பிரியாவிடம் தண்ணீர், உப்பு என்று கேட்பதோடு சரி.

மாசியில் ஒரு நாள் மத்தியானம் அவர் ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். யாரோ போட்டுக் கொடுத்த பின்கட்டு வரைபடம். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் போகாமல் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். பிறகு தாளை மேசைமேல் விரித்து, நாலு மூலையிலும் தம்ளரை வைத்தார்.

"இதுல படிக்கட்டு இருக்குற எடம் எனக்குச் சரியாப் படல" என்றார், அவளைப் பார்க்காமல்.

முத்துப்பிரியா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பென்சில் எடுக்கவில்லை.

"மொதல்ல கடைக்குப் போவோம் மாமா. அளந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அவள் அளவு நாடாவைத் தேடி உள்ளே ஓடினாள்.