ஜெனரலின் முதுகுப் பை

ஓய்வு பெற ஒரு வாரம் இருக்கையில் மேஜர் ஜெனரல் ஆம்ப்ரோஸ் ட்ரெகியருக்கு நடக்க ஆசை வந்தது. பிரிட்டனின் ராயல் மரீன் படையில் சேர்கிறவர்கள் பயிற்சியின் முடிவில் சுமையோடு டார்ட்மூர் மேட்டில் முப்பது மைல் நடக்கவேண்டும். முடித்தவனுக்கு, நடை முடியும் பாலத்தருகே, படைவீரனாகிவிட்டதன் அடையாளமாகப் பச்சைத் தொப்பி. தொப்பி கொடுக்கும் பெரிய அதிகாரி காரில் வந்து இறங்குவதுதான் வழக்கம். தான் நடந்தே வந்து கொடுப்பதாக ட்ரெகியர் முகாமில் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார்.

ஒரு காலத்தில் நார்வே பனியிலும் இராக் மணலிலும் மூட்டை சுமந்தவர்தான். பதவி ஏற ஏற மூட்டை சிறுத்து, கடைசியில் லண்டன் அலுவலகத்தில் சட்டைப்பையில் ஒரு பேனா மட்டும் மிஞ்சியது. அந்தக் குறையைத் தொப்பை ஈடுகட்டியது.

நடை அருமையாகப் போனது.

"பை இருக்கறதே தெரியல. உங்களுக்கு ஏன்டா இப்படி மூச்சு வாங்குது?" என்று பக்கத்தில் தள்ளாடியவர்களைச் சீண்டினார்.

"தாத்தா பறக்குறாருடா," என்று பின்னால் ஒருவன் முணுமுணுத்தது அவருக்கு இனித்தது.

பாலத்தில் பயிற்சியாளர் கலர் சார்ஜன்ட் பிரெய்த்வெயிட் தராசோடு நின்றிருந்தார். நடந்து வந்த ஒவ்வொருவன் பையையும் மாட்டி நிறுப்பார். எடை குறைந்தால் அந்த நடை செல்லாது. கேப்டனாக இருந்தபோது இந்த விஷயத்தில் ட்ரெகியர் ஒருத்தனையும் விட்டதில்லை.

"உங்களது வேண்டாமே சார்."

"எனக்கு மட்டும் தனிச் சட்டமா? மாட்டுப்பா."

முள் பாதியிலேயே நின்றது. சார்ஜன்ட் பையைத் திறந்தார். உள்ளே பூப்போட்ட தலையணை.

"நான்தான் வச்சேன்," என்றாள் அவரை அழைத்துப்போகக் கொண்டுவந்த காருக்குப் பக்கத்தில் நின்ற மனைவி ரோவீனா. "ராத்திரி நீ குறட்டை விட்டப்போ மாத்தினேன். முட்டி ஆபரேஷன் ஆனது உனக்கா, எனக்கா?"

"என் மானத்தை வாங்கிட்டியே!"

"மானம் மாடிப்படி ஏறாது ஆம்ப்ரோஸ். முட்டிதான் ஏறணும்."

வரிசையில் நின்ற இளைஞர்கள் தங்கள் பூட்ஸையே உற்றுப் பார்த்தார்கள். சில தோள்கள் குலுங்கின.

சார்ஜன்ட் குரலைத் தாழ்த்தினார். "தராசு காலையிலேர்ந்து மக்கர் சார். நான் எதையும் பாக்கல. நீங்க தொப்பியக் குடுங்க."

ட்ரெகியர் தொப்பிப் பெட்டியைப் பார்த்தார். மேட்டில் தான் அளந்த அளப்பெல்லாம் காதில் திரும்ப ஒலித்தது.

"தராசு நல்லாத்தான் இருக்கு. என் நடை செல்லாது. நீயே குடு."

நடந்து வந்தவர்களுக்காக வைத்திருந்த தேநீர் அண்டாவுக்குப் பின்னால் போய் நின்று கரண்டியை எடுத்துக்கொண்டார். புதுத் தொப்பியோடு முதலில் வந்தவன் குவளையை வாங்கி ஒரு வாய் குடித்தான்.

"சர்க்கரை பத்தல சார்."