ஈஸ்டருக்கு நேர்ந்த சம்பங்கி

பதினோராவது சம்பங்கித் தண்டை அறுத்தபோது கத்தி வழுக்கி பிரின்சியின் கட்டைவிரலைக் கீறியது. அவள் நிறுத்தவில்லை. ரத்தம் பட்ட தண்டையும் வாளிக்குள் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தாள்.

வாசல் பந்தலில் அம்மா ஞானமேரி பெட்டிக்குள் கிடந்தாள். நாலு மணிக்குப் பூசை. கோயிலில் முதல் மணி அடித்தாயிற்று.

"ஏஞ்சாமி, அதையா அறுக்கற?" கோயில் உபதேசியார் சேவியர்ராஜ் கொல்லைப்பக்கம் வந்து நின்றார். "அது ஈஸ்டர் பீடத்துக்கு நேர்ந்து உட்ட பூவாச்சே. சனிக்கெழம ராத்திரிப் பூசைக்கு இன்னும் மூணு நாள்தான இருக்குது."

"எங்கம்மாளுக்கு மூணு நாள் இல்லீங்க."

நேர்ந்து விட்ட பூ என்று உபதேசியார் சொன்னது சரிதான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அம்மா கிழங்கு ஊன்றுவாள். பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் அந்தப் பாத்திக்குத்தான் போகும். தவக்காலத்தில் எத்தனை பூத்தாலும் தலையில் ஒன்று வைத்துக்கொள்ள மாட்டாள். வெங்காயம் மாதிரி வறண்டு கிடக்கிற கிழங்கைச் சின்ன வயதில் பிரின்சியின் உள்ளங்கையில் வைத்து, "இது செத்துப்போச்சுன்னு நெனைக்கிறயா?" என்று கேட்டதும் அம்மாதான். அந்தக் கேள்வி இப்போது நினைவுக்கு வந்ததில் பிரின்சிக்கு எரிச்சல் கூடியது.

உபதேசியார் வேலியோரப் புங்கமரத்தைக் காட்டினார். "மாசியில மொட்டையா நின்னுச்சு. இன்னைக்குத் துளிரும் பூவுமா நிக்குது பாரு. ஆண்டவரு நமக்கு வருசாவருசம் அதத்தான் காட்டறாரு. மண்ணுக்குள்ள போற கெழங்குதான்..."

"கெழங்குக்குச் சக்கரை நோய் இல்லீங்க. முள்ளுக் குத்துனாப் பொரையோடாதுங்க."

"ஆறுதலுக்குச் சொல்றேன், கண்ணு."

"மூணாவது வெள்ளிக்கெழம சிலுவைப்பாதையிலயும் சொன்னீங்களாம். ஞானமேரியப் பாருங்க, வெறுங்காலோட, முள்ளுக் குத்துன காலோட ஆண்டவரு கூட நடக்குறான்னு மைக்குல சொன்னீங்களாமே. அதக் கேட்டப்பறம் எங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போவாளா?"

உபதேசியார் தோள் துண்டை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டார். "புண்ணு அத்தாப் பெருசுன்னு எனக்குத் தெரியாது, சாமி."

"எனக்கும் தெரியாதுங்க. ஈரோட்டு ஆஸ்பத்திரியில ஊருச் சனத்துக்கெல்லாம் புண்ணுக் கட்டறேன். பெத்தவ கால் எனக்குத் தெரியாது."

இரண்டு வாரம் முன்னால் பிரின்சி ஊருக்கு வந்திருந்தாள். அம்மா சேலையைத் தரையில் புரளவிட்டு நடந்தாள். கல் தடுக்கிவிட்டது என்றாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பிரின்சி குனிந்து பார்க்கவில்லை. திங்கட்கிழமை காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது முழங்கால்வரை கறுத்திருந்தது. நேற்று, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் முடிந்துபோயிற்று.

"அவர ஏசாத." கதவருகே அப்பா அமிர்தசாமி நின்றிருந்தார். முப்பது வருடம் ரிக் லாரியில் ஆழ்துளைக் கிணறு போட்ட மனிதர். காது மந்தம், பேச்சும் குறைவு. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"புண்ணு. நாந்தான் மஞ்சத்தூள் வெச்சுக் கட்டி உட்டேன். உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு உங்கம்மா சொல்லிட்டா. தெரிஞ்சா வந்து செருப்பப் போட வெச்சிருவா, வெறுங்கால் நேர்ச்சை கெட்டுப்போகும், ஈஸ்டர் கழியட்டும்னா."

பிரின்சி எழுந்தாள். "தெனமும் போன் பண்ணுனனே. தெனமும் நல்லா இருக்கான்னு சொன்னீங்களேப்பா."

அவர் பாத்தியைப் பார்த்தார். பாதி வரிசை அறுபட்டிருந்தது. மீதி பாதி மொட்டோடு நின்றது.

"அவ ஆசப்பட்டா," என்றார்.

கோயிலில் இரண்டாவது மணி அடித்தது. பிரின்சி கத்தியை மண்ணில் குத்திவிட்டு அப்பாவைத் தாண்டி உள்ளே போனாள். உபதேசியார் குனிந்து வாளியை நிழலுக்கு நகர்த்தி வைத்தார்.

மாதா படத்துக்குக் கீழே இருந்த அலமாரியில், தினசரித் தாளில் சுற்றி, அந்தச் செருப்பு இருந்தது. சக்கரைக்காரர்களுக்கென்று ஈரோட்டில் அளவு கொடுத்து பிரின்சி தைத்து வாங்கிவந்தது. கிறிஸ்துமஸிலிருந்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்வரை அம்மா போட்டிருந்தாள். பிறகு கழுவித் துடைத்து உள்ளே வைத்துவிட்டாள். அடியில் ஒரு மண்துகள்கூட இல்லை.

பந்தலில் பெட்டியின் மூடியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பிரின்சி கால்மாட்டில் மண்டியிட்டு வெள்ளைத் துணியை விலக்கினாள்.

"நேரமாச்சு பாப்பா," என்றார் மூடியைப் பிடித்திருந்த பொன்னன்.

"ஆகட்டுங்க."

வலது கால் சுலபமாக நுழைந்தது. இடது காலில் ஆஸ்பத்திரிக் கட்டு தடிமனாக இருந்தது. வார் எட்டவில்லை. அவள் கைக் கட்டைவிரலின் ரத்தம் பட்டுக் கட்டுத்துணி சிவந்தது. யாரோ ஆரம்பித்த செபமாலை பாதியில் நின்றது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அம்மாவின் குதிகாலைத் தூக்கிப் பிடித்தது. முப்பது வருட கிரீஸ் கறை போகாத நகங்கள். பிரின்சி நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்கவில்லை. வாரை உருவி, கடைசித் துளையில் மாட்டினாள்.