கறுப்பில் மூன்று, வெள்ளையில் மூன்று

அரைஞாண் கயிறு அறுபடவில்லை. ரூபேஷ் கத்தியை அழுத்தி இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். கயிறு வழுக்கி ஒதுங்கியதே தவிர ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

பிணத்தைக் குளிப்பாட்டக் கட்டிய வேட்டித் திரையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஷோபா, "மெதுவா இழுடா. நைனாவோட கத்தி, அறுக்கும்" என்றாள்.

"இன்னாக்கா அறுக்கும்? வெண்ணெயகூட அறுக்காது இது. யாராச்சும் ஒரு பிளேடு குடுங்க."

அந்த மடக்குக் கத்தியால்தான் அறுக்க வேண்டும் என்று காலையிலிருந்து பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். அவர்களுடைய அப்பா முனிரத்தினம் சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போன நாளிலிருந்து அவர் சட்டைப்பையில் கிடந்த கத்தி. போன வருஷம் வாதம் வந்து வலது கை விழுந்தது. மனுஷன் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காமல், பெங்களூருக்கு தினம் ரயிலில் வேலைக்குப் போய்வரும் ஷோபா, உள்ளங்கையில் அடங்கும் சாணைக் கருவி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தாள். அதில் இரண்டு பிளவு. கறுப்பில் மூன்று இழுப்பு, வெள்ளையில் மூன்று இழுப்பு, அவ்வளவுதான். கைக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதனால் அரைகுறையாக அசையும் வலது கையாலேயே இழுப்பார். வலது கட்டைவிரலிலேயே பதம் பார்ப்பார். "ஆச்சு" என்பார்.

ஒரே மாதத்தில் சுரங்கக் குடியிருப்பு லைன் முழுவதிலிருந்தும் கத்திகள் வந்து சேர்ந்தன. தீட்டியதைச் செய்தித்தாளில் சுற்றி, பேர் எழுதி ஜன்னலில் வைப்பது சாயங்காலம் வந்ததும் ஷோபாவின் வேலை. "நாளைக்கி மூணு கீதும்மா" என்று அவர் சொல்லும்போது குரலில் பழைய ஷிப்டுக்காரர் இருப்பார்.

பக்கத்து வீட்டு ஃப்ரெடி இடுப்பு உறையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார். பேத்தமங்களா ஏரிக்கு மீன் பிடிக்கப் போகும்போது கொண்டுபோகும் கத்தி. ஒரே இழுப்பில் கயிறு இரண்டாகிவிட்டது.

ரூபேஷ் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது ஷோபா அதன் வெட்டுவாயைப் பார்த்தாள். பெரிய சாணைச் சக்கரம் உரசிய கோடுகள்.

"அங்கிள், இது நைனா தீட்டினதுதானே? ஞாயித்துக்கெழம நான்தான் பேர் எழுதினேன்."

"தீட்டினாரு." அவர் கத்தியை உறையில் செருகினார். "அப்பறம் பஜார்ல ஒருதரம் சாணை புடிச்சேன்."

"எல்லாருமா பஜார்ல புடிச்சீங்க?"

"தண்ணி ஊத்துங்கப்பா, நேரமாவுது" என்றார் ஃப்ரெடி மற்றவர்களிடம்.

ஆண்கள் பாடையோடு போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவி விட்டார்கள். தலைமுழுகி வந்த ஷோபா ஜன்னல் பக்கம் போனாள். மூன்று பொட்டலங்கள் மிச்சம் இருந்தன. ஜெயசீலி என்று எழுதியிருந்ததைப் பிரித்து, கத்தியைத் தன் விரலில் வைத்து இழுத்தாள். தோலில் கோடுகூட விழவில்லை. நைனா பதம் பார்த்த அந்தக் கட்டைவிரலில் உணர்ச்சியே இல்லை என்று ஏன் தனக்குத் தோன்றவில்லை? வேலை என்று நினைத்துத் தான் கொடுத்தது, இந்த ஒரு வருஷமும் ஊர் சேர்ந்து காட்டிய விளையாட்டா?

கருவியை எடுத்துக் கறுப்புப் பிளவில் கத்தியை வைத்தாள்.

"இன்னாடி பண்ற?" வாசலில் ஃப்ரெடியின் மனைவி ஜெயசீலி நின்றாள்.

"பதமே இல்ல ஆன்ட்டி. ஒரு நிமிஷம், தீட்டிக் குடுத்துடறேன்."

"உங்க நைனா தீட்டி வெச்சதுதானே?"

"ஆமா, ஆனா..."

"அப்பறம் இன்னா? குடு. இன்னிக்கி உங்க வூட்டுக்கு எங்க அடுப்புலதான் சோறு. காய் அரியணும்." அவளே அதை வாங்கி, பேர் எழுதிய அதே காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் தூக்குவாளி வந்தது. மொட்டைத் தலையோடு ரூபேஷ் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். காய் சரியாகத் துண்டாகவில்லை. நாலைந்து துண்டுகள் தோல் விடாமல் ஒன்றோடொன்று தொங்கின.

ரூபேஷ் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். "இன்னாக்கா இது, மாலை மாதிரி கீது?"

"சாப்புடு" என்றாள் ஷோபா. தன் தட்டில் இருந்ததை விரலால் ஒவ்வொன்றாகப் பிய்த்து, சோற்றோடு சேர்த்துப் பிசைந்தாள்.