நூறு அடிக் கோடு

ஞாயிற்றுக்கிழமை நாலு மணியானால் இன்னமும் என் காது வாசலுக்குப் போய்விடுகிறது.

எண்பத்தேழாம் வருஷம். மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கே ஒரு அடிபம்புதான். அந்த மேடையில் பால்ராஜ் தன் மகள் பேபியோடு உட்கார்ந்திருப்பான். நாலு வீடு தள்ளி அவன் பெண்டாட்டி தாட்சாயிணியின் தாய் வீடு. குடித்துவிட்டுக் கை நீட்டுகிறான் என்று அவள் விவாகரத்து கேட்டிருந்தாள். வழக்கு முடியும்வரை அந்த வீட்டுக்கு நூறு அடிக்குள் அவன் வரக் கூடாது, வாரம் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்க்கலாம் என்று கோர்ட்டு உத்தரவு. மீறினால் அந்த ஒரு மணி நேரமும் போய்விடும்.

ஒரு ஞாயிறு, நான் குடத்தோடு நிற்கையில், தாட்சாயிணியின் அண்ணன் ஜம்புலிங்கம் மனை அளக்கிற டேப்போடு வந்தான்.

"எண்பத்தாறு! இன்னா பால்ராஜு, நூறு எங்க கீது?"

"நூறு எண்ணிட்டுத்தான் மச்சான் குந்துனேன். நான் வரக் கூடாதுன்னு என் செருப்ப பேபி எடுத்துகினு போச்சு. உங்க வாசல்லேந்து ஒண்ணு முன்னால ஒண்ணு வெச்சி எண்ணிச்சு."

"அதுக்கு நூறு எண்ண வருமா?"

"வரும் மாமா!" என்றாள் பேபி.

"கோர்ட்டு உன் செருப்பப் பாத்தா எழுதிச்சு? நாளைக்கே வக்கீலாண்ட சொல்றேன். அப்புறம் நீ புள்ளையப் பாத்த மாதிரிதான்."

பால்ராஜ் எழுந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். எதற்கென்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"வாணாம் மச்சான். எவ்ளோ தள்ளணும், சொல்லு."

தாட்சாயிணி கோலமாவு டப்பாவோடு வந்தாள். அவனைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள்.

"பாத்தியாக்கா? இந்த ஆளு அடிச்ச அடில ஒண்ணு தப்புனதில்ல. எண்ணுற அடிலதான் தப்பு."

"வக்கீல்..." என்றான் அண்ணன்.

"வாணாண்ணா. இவுருக்காவ இல்ல. திங்கக்கெழமலேந்தே ஞாயித்துக்கெழம எப்போன்னு கேட்டுகினு கீது புள்ள. டேப்ப இன்னும் இழு."

நூறாவது அடி என் வீட்டு வாசலில் வந்து நின்றது. தெருவுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டாள்.

"பேபி, உங்க நைனா இதுக்கு அந்தாண்ட. தாண்டுனா நான் பொறுப்பில்ல."

அதன்பின் ஞாயிறுதோறும் மூன்றரைக்குக் கோடு விழும். நாலு மணிக்கு என் வாசலில் பேச்சு.

"நைனா, யானை தும்முமா?"

"தும்மாம? செம்பரம்பாக்கம் ஏரி எப்டி தளும்புதுன்ற?"

உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு நானும் சிரிப்பேன்.

எண்பத்தொன்பதில் விவாகரத்து ஆனது. பிள்ளை தாயிடம், ஞாயிறு அவனுக்கு. நூறு அடித் தடை முடிந்துபோனது. அந்த வாரம் பால்ராஜ் வந்து தரையைப் பார்த்தபடி நின்றான்.

"கோடு எங்க பேபி?"

"இனிமே வாணாமாம். அம்மா சொல்லிச்சு."

அவன் தாட்சாயிணியின் வீட்டைப் பார்த்தான். கதவு திறந்துதான் இருந்தது. பிறகு, கோடு இருந்த இடத்துக்கு இந்தப் பக்கமாகவே, என் வாசலில் உட்கார்ந்தான்.

"இன்னும் கிட்ட வரலாமே நைனா?"

"இங்கியே நல்லாதான் கீது. யானை தும்முச்சே, அப்புறம் இன்னா ஆச்சுன்னா..."