கறுக்காத விளிம்பு

எங்கள் தோட்டத்து நட்சத்திரப் பழத்துக்கு ஒரு சாபம். பறித்த மறுநாளே ஐந்து விளிம்பும் கறுத்துவிடும். உள்ளே தேனாக இனித்தாலும் வியாபாரி முகம் சுளிப்பான். எல்லாம் விதை போட்டு வந்த மரங்கள். ஒன்றைப்போல் ஒன்று இராது. ஒன்று இனிக்கும், ஒன்று பல் கூசும், இன்னொன்று சில பிள்ளைகள் மாதிரி பிஞ்சிலேயே பழுத்துவிடும்.

பழ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும் என் நாத்தனார், மரத்துக்கு ஒரு பெட்டி என்று கொண்டுபோய்க் குளிர் அறையில் வைத்துப் பார்த்தாள். கிணற்றோர மரத்தின் பழம் மட்டும் வாரக்கணக்கில் விளிம்பு கறுக்காமல் பளபளவென்று இருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற மரங்களின் தலையை வெட்டிவிட்டு, எல்லாவற்றிலும் அதன் குச்சியையே ஒட்டுக் கட்டக் கிளம்பினார்.

“அண்ணே, வரிசைக்கு ரெண்டு பழைய மரத்தை விட்டு வை” என்றாள் நாத்தனார்.

“உன் ஆராய்ச்சிக்கா நான் தோட்டம் வச்சிருக்கேன்?” என்று சிரித்தார்.

அவள் போனதும் ஒரு மரம் விடாமல் ஒட்டுக் கட்டினார். அடிமரத்தில் பழைய துளிர் எட்டிப் பார்த்தால் போதும், நகத்தால் கிள்ளிவிடுவார். கேட்டவர்களுக்கெல்லாம் குச்சி வெட்டிக் கொடுத்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷனிடம் யார் பேசுவது?

இரண்டு வருஷம் அறுவடை இல்லை. தோட்டத்தில் பாதிப் பங்கு இவருடைய அண்ணனுக்கு. அவர் பொறுமை இழந்தார்.

“இந்தப் போகம் காய்க்கலைன்னா வித்துடலாம். அதுக்கு மேல என்கிட்ட பேச்சே வேண்டாம்.”

பூத்தது. அடேயப்பா, என்ன பூ! கிளையே தெரியவில்லை. தேனீ இரைச்சலில் நான் கூப்பிட்டது இவர் காதில் விழவில்லை. பழம் அடுக்கப் புதுப் பெட்டிக்கெல்லாம் சொல்லி வைத்தார். பிறகு பூவெல்லாம் கொட்டியது. ஒரு பிஞ்சு கிடையாது. உதிர்ந்ததைப் பெருக்கிப் பெருக்கி என் இடுப்பு ஒடிந்தது.

நாத்தனார் அரக்கப்பரக்க வந்து, மிச்சமிருந்த பூக்களை நகத்தால் பிரித்துப் பார்த்தாள்.

“எல்லாப் பூவுலயும் நடுத்தண்டு குட்டையா இருக்கு. தண்டு நீளமான பூவோட மகரந்தம் பட்டாத்தான் இது காய் பிடிக்கும். பழைய மரம் எங்கண்ணே?”

“எல்லாத்தையும் மாத்திட்டேன்.”

“அன்னைக்கே சொன்னேனே! இது தோட்டமே இல்லண்ணே. ஒரே மரம்தான் இத்தனை அடிமரத்துல நிக்குது.”

இவர் முகத்தில் ஈயாடவில்லை. நன்றாக நாலு வார்த்தை கேட்கத்தான் நினைத்தேன். உதிர்ந்த பூவை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து இவர் நீளத் தண்டு தேடுவதைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

“இன்னும் மொட்டு இருக்கு” என்றாள் அவள். “வேற வகை மரத்துல பூத்த கிளை கிடைச்சா, வாளித் தண்ணில செருகி நடுநடுவே வைக்கலாம். மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கும்.”

அக்கம்பக்கத்தில் எல்லோருமே இவர் பேச்சைக் கேட்டுப் பழையதை வெட்டியவர்கள். அடுத்த தோட்டத்துக் கண்ணாடிக்காரர் ஒருவரிடம்தான் வேலியோரம் ஒரு புளிப்பு மரம் இருந்தது. அரிவாளும் வாளியுமாக மூன்று பேரும் ஓடாத குறையாகப் போனோம்.

கண்ணாடிக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“வாங்க வாங்க, நானே வரணும்னு இருந்தேன்! நீங்க குடுத்த குச்சியெல்லாம் பூத்துக் குலுங்குது. போன வாரம்தான் அந்தப் புளிப்பு மரத்தையும் அடியோட சாய்ச்சேன். நீங்களே துணிஞ்சு செஞ்சப்புறம் எனக்கென்ன பயம்?”

வேலியோரம் விறகு அடுக்கியிருந்தது. அதன்மேல் பூங்கொத்துகள் காய்ந்து சருகாகக் கிடந்தன.

“சொல்லுங்க, எனக்குக் காய் எப்பப் பிடிக்கும்?”

இவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலிப் பக்கம் போனார். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

“பிடிக்காதுங்க” என்றேன்.

நான் கேலி செய்கிறேன் என்று கண்ணாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். என் வீட்டுக்காரர் வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.