பன்னிரண்டு கால் வீடு

முதல் காலைத் தட்டியதுமே எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. கையிலிருந்த மரக் கொட்டாப்புளி பட்ட இடத்திலிருந்து கணீரென்று சத்தம் எழும்பி, மேலே உத்திரம் வரைக்கும் ஓடி அடங்கியது. வைரம் பாய்ந்த மெர்பாவ் மரம். அடியில் ஒரு தட்டு, இடுப்பளவில் ஒரு தட்டு, கையெட்டும் உயரத்தில் ஒரு தட்டு. மூன்றும் ஒரே சத்தம். தமரூசியை எடுத்து, கால் கல்லில் உட்காரும் இடத்தில் குத்திப் பார்த்தேன். அரை நெல் அளவுகூட இறங்கவில்லை. மற்ற நாட்களில் நல்ல மரத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வரும். அன்றைக்கு வயிறு எரிந்தது. எனக்கு உளுத்த மரம் வேண்டியிருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் பக்கிரிசாமி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மரந்தட்டி பக்கிரி என்றால் குழந்தைகூட வழி காட்டும். ரயில்வே மரக்கிடங்கில் வரும் கட்டைகளைத் தட்டிப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் வெளியே மரவீடு கட்டுகிறவர்கள் கூப்பிடுவார்கள். மரக்கடைக்காரர்களில் சிலர் பலே ஆட்கள். உள்ளே கூடாகிப்போன மரத்துக்குக் களிமண்ணும் மரத்தூளும் பிசினும் கலந்து அடைத்து, மேலே இழைப்புளி போட்டு, புதுப்பெண் மாதிரி நிறுத்திவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும். நல்ல காலுக்கு நான் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு இழுப்பேன், கெட்ட காலுக்குப் பெருக்கல் குறி. எல்லாக் காலிலும் கோடு விழுந்த பிறகுதான் கூரை உச்சிக்கு முகட்டு வளையைக் கயிறு கட்டி ஏற்றுவார்கள். சட்டத்தில் எழுதிய விஷயமில்லை. நான் பெருக்கல் குறி போட்ட காலைத் துடைத்துவிட்டு வளை ஏற்றிய ஒரு மளிகைக்கடைக்காரரின் வீடு, ஆறாம் மாதம் அடுப்படியோடு சரிந்தது. அதன் பிறகு எந்தத் தச்சனும் என் கோடு இல்லாமல் கயிற்றைத் தொடுவதில்லை.

செங்கல் சூளைகளுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்த அந்த வீடு கன்னையாவுடையது. கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் கங்காணியாக இருந்துவிட்டு, மகள் புருஷன் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்பதால் பிரிக்பீல்ட்ஸுக்கே வந்து சேர்ந்திருந்தார். தச்சன் பாலன் வந்து என்னைக் கூப்பிட்டபோது பெயரைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன், முன்பல்லில் தங்கம் கட்டியிருக்கிறாரா என்றும் கேட்டேன். "ஆமாண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றான் பாலன். இல்லை என்று சொல்லிவிட்டு வருவதாக ஒத்துக்கொண்டேன்.

போனபோது சட்டகம் மட்டும் நின்றது. பன்னிரண்டு கால், மேலே உத்திரங்கள், சுவரும் இல்லை கூரையும் இல்லை. முகட்டு வளைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, மாவிலையும் கட்டி, இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்தியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை, நான் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் வளை ஏற வேண்டும். சொந்தக்காரர்களும் தெருக்காரர்களுமாக நாற்பது பேர் இருப்பார்கள். கன்னையா பட்டுக்கரை வேட்டியும் சால்வையுமாக நடுவில் நின்று எல்லோரையும் ஏவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாய்யா, வா. சட்டுனு தட்டி முடி" என்றார். அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவருடைய தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் முந்நூறு பேர் வரிசையில் நிற்போம். அவர் தலையைத் தூக்காமல் பெயரைக் கூப்பிடுவார், நாங்கள் சத்தம் கொடுப்போம். அவருக்கு நாங்கள் குரல்தான். முகம் கிடையாது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் அந்தத் தோட்டத்துக் கூலி வீட்டு வரிசைகளில், ஏழாம் லயத்தில் இருந்தோம். நானும் சீதாலெட்சுமியும், பிறந்து இரண்டரை மாதமான ஆண் குழந்தையும். எங்கள் வீட்டு மூலையில் நின்ற காலின் அடியில் கறையான் ஏறியிருந்தது. விரலால் அழுத்தினால் மாவுருண்டை மாதிரி உதிரும். கன்னையாவிடம் போய்ச் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். பத்து நாள் கழித்து மறுபடி போனேன். மூன்றாம் தடவை போனபோதும் தலையைத் தூக்காமலே, "பாத்தாச்சு, போடா. தொரைகிட்டயும் சொல்லியாச்சு, மரம் நல்ல மரம்" என்றார். அவர் லயத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வாரமே ஒருநாள் விடியற்காலையில் சூறையாகச் சுமத்ராக் காற்று அடித்தது. சீதாலெட்சுமிக்குக் காய்ச்சல், அதனால் வீட்டிலேயே படுத்திருந்தாள். நான் பெரட்டில் என் பெயருக்குச் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கால் முறிந்து, உத்திரம் இறங்கி, இரண்டு பேருமே போய்விட்டார்கள்.

அதைக்கூட விதி என்று சொல்லி அழுதுவிட்டு இருந்திருப்பேன். ஆனால் துரை குதிரையில் வந்து இறங்கிக் கேட்டபோது கன்னையா என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் பொம்பளை உத்திரத்தில் தொட்டில் கட்டி ஆட்டியதால்தான் விழுந்தது என்றார். கிழிந்த சேலையில் கட்டிய தூளி. உள்ளே ஒரு மரக்கால் அரிசி கனம்கூட இல்லாத பிள்ளை. துரை அதையே எழுதிக்கொண்டு போனார். மறுநாளே எல்லா லயத்திலும் தூளிகளை அவிழ்க்கச் சொன்னார்கள். பெண்கள் அவிழ்த்துக்கொண்டே சீதாலெட்சுமியைத் திட்டினார்கள். அவள் தன் பிள்ளையையும் கொன்று தானும் செத்தவள் ஆகிவிட்டாள். செத்தவள் வந்து பேசவா முடியும்? அவளுக்காகப் பேச அன்றைக்கு எனக்கும் வாய் இல்லை. அந்த மாதமே தோட்டத்தை விட்டு ஓடி வந்தேன். மரத்தைப் படித்தேன்.

ஆகவே மனசில் என்ன நினைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு கால், ஒரே ஒரு கால் உளுத்திருந்தால் போதும். அதில் கோடு இழுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவது என்று இருந்தேன். காற்று எப்போது வந்தாலும் சரி, நான் காத்திருப்பேன். அந்த வீட்டில் வேறு யார் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நினைக்க விருப்பமும் இல்லை.

இரண்டாவது கால் கணீர் என்றது. மூன்றாவதும் அப்படித்தான். நான்கைக் கொஞ்சம் கோபமாகவே அடித்தேன், அது இன்னும் நன்றாகப் பாடியது. எட்டாவது காலுக்கு வந்தபோது கன்னையா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"நானே மில்லுல நின்னு பொறுக்கினதுய்யா. மூணு நாளு. ஒவ்வொண்ணயும் பொரட்டிப் போட்டுப் பாத்து, பிடிக்காதத தள்ளிட்டுத்தான் லோரில ஏத்த விட்டேன்."

"தெரியுதுங்க" என்றேன்.

தெரிந்ததுதான் எரிந்தது. தனக்கென்றால் பிள்ளையும் களை வெட்டும் என்பார்கள். இந்த மனிதருக்கு மரம் பார்க்கத் தெரிந்திருக்கிறது. புரட்டிப் பார்க்கவும், மூன்று நாள் வெயிலில் நிற்கவும் தெரிந்திருக்கிறது. எங்கள் லயத்துக்கு வந்து ஒரு விரலால் அழுத்திப் பார்த்திருந்தால் போதும். பன்னிரண்டாவது காலையும் தட்டி முடித்தேன். ஒரு சொட்டை கிடையாது. பதினோரு வருஷத்தில் நான் தட்டியதிலேயே நல்ல சட்டகம் அது. சுண்ணாம்புக்கட்டி இன்னும் சட்டைப்பையிலேயே இருந்தது.

கன்னையாவின் மகள் புஷ்பவல்லி, ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். நல்ல களையான முகம். "அண்ணே, நடு உத்திரத்துல தொட்டிலுக்கு ஒரு கொக்கி போடச் சொல்லியிருக்கேன். தாங்கும்தானே?" என்றாள்.

யானையைக் கட்டினாலும் தாங்கும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

"வேணாம்மா. தொட்டில் கட்டி ஆட்டினா உத்திரம் விழுந்துரும்."

அவள் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். கன்னையா ஊருக்கே கேட்கும்படி சிரித்தார். "யோவ், உன்னப் போயி பெரிய ஆளுன்னு கூட்டியாந்தானே இந்தப் பாலன்! புள்ள கனத்துக்கு உத்திரம் விழுமாய்யா?"

"விழும்னு சொல்லிக் கேட்டிருக்கேங்க."

"எவன் சொன்னான்? மரம் தெரியாத மடையன் எவனாவது சொல்லியிருப்பான். இருவது வருசம் லயம் லயமாப் பாத்தவன்யா நான். ஒரே உத்திரத்துல நாலு தூளி கட்டி ஆட்டுவாளுங்க, ஒண்ணும் ஆகாது. கால் உளுத்திருந்தாத்தான் உத்திரம் விழும். தொட்டிலுக்கெல்லாம் விழாது. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும் லா இது!"

நாற்பது பேரும் சிரித்தார்கள். பாலனும் சங்கடத்தோடு சிரித்தான். நான் எல்லோரும் அடங்கும்வரை பொறுத்திருந்தேன்.

"தொட்டிலால விழாது. கால் உளுத்தாத்தான் விழும். அப்படித்தானுங்களே?"

"ஆமாய்யா. எத்தன தடவ சொல்றது?"

"அப்ப ஏழாம் லயம் எதனால விழுந்துச்சு, கங்காணி?"

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"மூணு தடவ வந்து சொன்னேன். பாத்தாச்சு, போடான்னீங்க. அப்புறம் தொரைகிட்ட, என் பொண்டாட்டி தொட்டில் கட்டித்தான் விழுந்துச்சுன்னு சொன்னீங்க. இப்ப இத்தன பேருக்கு முன்னால தொட்டிலால விழாதுங்கறீங்க. இதுல எது நெசம்?"

"பக்கிரியா?" என்றார். "அதெல்லாம் அந்தக் காலம்... நல்ல காரியம் நடக்கிற எடத்துல எதுக்குப்பா இப்ப?"

இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் காலம் என்றுதான் சொன்னார். "என்னப்பா சொல்றாரு இவரு?" என்று புஷ்பவல்லி கேட்டாள். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். சொந்தக்காரர்கள் வெற்றிலைத் தட்டையும் தேங்காயையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டால் என் நெஞ்சு ஆறிவிடும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஆறவில்லை. இன்னும் வேண்டும் போல இருந்தது. பந்தியில் பாதியில் எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது. பன்னிரண்டு காலையும் ஒருதடவை சுற்றிப் பார்த்தேன். எல்லாம் சாதுவாக, நேராக நின்றன.

"பன்னெண்டுல ஒரு கால் உளுத்துப்போச்சுங்க" என்றேன்.

மரத்தைப் பற்றி நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

"எது?" என்றார் கன்னையா.

"நீங்களே பாருங்க. பாக்கத் தெரிஞ்சவராச்சே."

கொட்டாப்புளியை அவர் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தேன். சுண்ணாம்புக்கட்டியை வெளியே எடுக்காமலே திரும்பி நடந்தேன். "அண்ணே, நான் பாத்து நட்ட காலு அண்ணே" என்று பாலன் பின்னாலேயே வந்தான். நின்று அவனைப் பார்த்தேன். அவன் என் முகத்தில் என்ன கண்டானோ, திரும்பிப் போய், "கயித்த விடுங்கடா" என்று தன் ஆட்களிடம் சொன்னது கேட்டது. இழுக்கத் தயாராக இருந்த கயிறுகள் ஒவ்வொன்றாக மண்ணில் விழுந்தன.

"பாலா, மணி பத்தாகப் போகுதுடா! ஏத்துடா!" என்று கன்னையா கத்தினார்.

"கோடு இல்லாம நான் ஏத்த மாட்டேங்க."

ரோட்டோரம் வந்தபோது பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. புஷ்பவல்லி. ஏழு மாதத்தோடு அவ்வளவு வேகமாக வந்திருக்கக் கூடாது. எந்தக் கால் என்று கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லியிருப்பேன், எல்லாம் நல்ல கால்தானம்மா என்று. அவளிடம் எனக்கு என்ன பகை?

"அந்த அக்கா பேரு என்னண்ணே?" என்றாள்.

"சீதாலெட்சுமி."

"புள்ளைக்கு?"

"வைக்கல. தைப்பூசத்துக்கு பத்துமலைக்குத் தூக்கிட்டுப் போயி வைக்கலாம்னு இருந்தோம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் சத்தம் ஆரம்பித்தது. கன்னையா முதல் காலைத் தட்டினார்.

முதலில் பலமாக அடித்தார், பிறகு மெதுவாக. இரண்டாவது காலுக்குப் போனார். ஐந்தாவது காலில் சால்வை நழுவி விழுந்தது, அவர் எடுக்கவில்லை. பத்தாவது காலில் பட்டுக்கரை வேட்டியோடு மண்ணில் மண்டியிட்டு, ஒரு காதை மரத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். கணீர். மறுபடி தட்டினார். கணீர். பன்னிரண்டாவது காலையும் தட்டி முடித்துவிட்டு எழுந்தவர், சுற்றிலும் ஒவ்வொரு காலாகப் பார்த்தார். பிறகு முதல் காலிடம் திரும்ப வந்து, மண்டியிட்டுக் காதை வைத்தார்.