ஜீவராணியின் முகப்படம்

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அழகுமுத்துவின் வீட்டைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. வரிசை வீடுகளில் எந்த லயத்தில் ஜீவராணியின் குரல் கேட்கிறதோ, அதுதான் வீடு. கொழுந்து பறிக்கிற மலையில் அவள் கதை சொல்ல ஆரம்பித்தால், வேலை வாங்க வந்த கண்டாக்கு ஐயாகூடக் குடையை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவார். அப்படிப்பட்டவளின் தலைக்குள், அதுவும் பேச்சு பிறக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கட்டி வந்து உட்கார்ந்தால் புருஷன்காரன் என்ன ஆவான்? அழகுமுத்து பாதியாய் இளைத்துப்போனான்.

கண்டி ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர் டொக்டர் நிப்ராஸ், ஹட்டன் கடைவீதியில் வளர்ந்த பிள்ளை. ஒப்பரேசனுக்கு முந்தின நாள், டோர்ச் லைட் அளவில் ஒரு கமராவும் லெப்டொப்பும் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார்.

"இதுக்குன்னே பெரிய மெசின் இருக்குண்ணே. அதுக்கு நம்ம எங்க போறது? இது மலிவு. அக்கா முகத்தச் சுத்திப் படம் புடிச்சா, கம்பியூட்டர்ல மேடு பள்ளத்தோட அதே முகம் வரும். அத மண்டை ஸ்கேனோட பொருத்திட்டா, கட்டி எங்க இருக்குன்னு வெளிய இருந்தே தெரியும். சின்னதாத் தொறந்தாப் போதும்."

"பொருந்தலன்னா?"

"பெருசாத் தொறந்து தேடணும். பேச்சுக்குச் சேதம் வராம பாக்கிறது கஷ்டம்."

டொக்டர் கமராவை மெதுவாகச் சுற்றினார். திரையில் வந்த முகத்துக்கு நெற்றி இல்லை, மூக்கும் பாதிதான். மறுபடி எடுத்தார். அதே ஓட்டைகள். கிட்டத்தில் குனிந்து பார்த்தவர், "என்னக்கா பூசினீங்க?" என்றார்.

ஜீவராணி புருஷனை நோக்கி முகவாயை நீட்டினாள். "இவருதான். கத்தி வைக்கிற தலை, குளிரட்டும்னு விடியவே நல்லெண்ணெயத் தேச்சு விட்டுட்டாரு. மிச்சத்த மூஞ்சியிலயும் வழிச்சிட்டாரு."

எண்ணெய்ப் பளபளப்பில் வெளிச்சம் சிதறிப்போகிறதாம். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மினுமினுப்பு போகவில்லை. ஆசையாகத் தேய்த்த எண்ணெய் லேசில் போகுமா? அழகுமுத்துவுக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"பவுடர் ஏதும் இருக்கா?" என்றார் டொக்டர்.

பவுடருக்கு எங்கே போவது? சட்டைப் பையில் மாரியம்மன் கோயில் விபூதிதான் இருந்தது. தயங்கித் தயங்கி எடுத்து நீட்டினான். டொக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெலிசாப் பூசுங்க" என்றார்.

நெற்றியில் தொடங்கிக் கன்னம், மூக்கு, தாடை என்று முகம் முழுக்கப் பூசினான்.

"வேப்பிலை ஒண்ணுதான் கொறை," என்றாள் அவள்.

இந்த முறை முகம் முழுசாக வந்தது. ஸ்கேன் படத்தோடு அச்சாகப் பொருந்தியது. நாளைக்கு ஒப்பரேசன் தியேட்டரில் சுத்தமாகக் கழுவித் திரும்ப எடுப்பார்களாம். "எண்ணெய் மட்டும் வேணாம்ணே," என்று சொல்லிவிட்டுப் போனார் டொக்டர்.

ஒப்பரேசன் முடிந்து அவள் கண் விழித்தபோது அழகுமுத்து கட்டிலடியில் நின்றான். டொக்டர் அவனைக் காட்டி, "அக்கா, இவரு பேரென்ன?" என்று கேட்டார்.

அவள் அவனைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"பேரச் சொல்லுங்கக்கா."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டொக்டரின் முகம் விழுந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு. அழகுமுத்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது பேசு புள்ள" என்றான். குரல் உடைந்துவிட்டது.

அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பியவள், அவன் கண்ணைப் பார்த்தாள்.

"அழகுமுத்து," என்றாள் மெல்ல.

டொக்டர் பெருமூச்சு விட்டார். "இன்னொரு தரம் சொல்லுங்க."

"கட்டினவரு பேர ஒரு தரம் சொன்னதே பாவம்," என்றாள் ஜீவராணி. "இன்னொரு தரம் சொல்ல வச்சு அவரு ஆயுசக் கொறச்சிராதீங்க டொக்டர்."

அழகுமுத்து வாய்விட்டே அழுதான்.